செவலைக்குக் கட்டிய முகக்கயிறு

கிளியனூர் ரோடு,
திண்டிவனம்.

அன்பு மகள் ரோஜாவுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குக் கஞ்சி குடித்துக்கொண்டு இருக்கிறோம். நீ அங்கே மஸ்கட்டில் டூட்டிக்கு டூட்டி நின்று கால் வீங்காமல், சாப்பாட்டைத் தள்ளிப் போடாமல், சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் உன் பேரைச் சொல்கிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் படித்துக்கொள், என் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்து அனுப்பினார்கள், ரிசல்ட் வந்துவிட்டது, ஒன்றும் இல்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். வெள்ளை உடுப்பு போட்டவர்கள் நம் வாசலில் மருந்து அடிக்கிற வீடியோவை ஊரில் யாரோ உனக்கு அனுப்பி, நீ பதறிப்போய் அப்பாவுக்குப் போன் பண்ணி, “எப்பா, எதையுமே சொல்ல மாட்றீங்க, நான் இன்னா செத்தா பூட்டேன்” என்று அழுதாயாம். நான் பக்கத்தில் இருந்தும் போனை வாங்கவில்லை என்று உனக்குக் கோபம். பக்கத்தில் இல்லையடி, அப்போது நான் வீட்டிலேயே இல்லை. அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தும் உன்னிடம் பேச வாய் வரவில்லை. போனில் உன் முகம் தெரிந்ததும் போனை அப்பா கையில் கொடுத்துவிடுகிறேன். நம் ஊர் அன்புச்செல்வன் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான், அவனிடம் ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவது வரைக்கும் படித்த கை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துப் படி.

அப்பாவுக்கு மூச்சு அப்படியேதான் இருக்கிறது. கல் குவாரியில் அத்தனை வருஷம் தின்ன தூசி எங்கே போகும். வெயில் நாளில் பரவாயில்லை, பனி விழுந்தால் இருமி இருமிக் கண் சிவந்துவிடுகிறது. நீ அனுப்பிய மெஷினில் மருந்து போட்டுப் பிடிக்கிறார். தம்பி சேரன் விழுப்புரத்தில் அதே செல்போன் கடையில்தான் இருக்கிறான், மருமகளுக்கு வயிறு நன்றாகத் தெரிகிறது, வாந்தி நின்று இப்போதுதான் சோறு இறங்குகிறது. அவர்கள் இரண்டு பேரும் இந்தக் கலவரத்தில் இங்கே வரவில்லை, நானும் வராதே என்றுதான் சொன்னேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. நீயும் அவனிடம் எதுவும் கேட்டுச் சண்டை போடாதே.

இனி அந்தக் குதிரை விஷயத்துக்கு வருகிறேன். நான் அதோடு நிற்கிற போட்டோவை நீ ஸ்டேட்டஸில் வைத்து, எங்க அம்மா ராணி என்று போட்டிருந்தாய், சேரன் காட்டினான். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. பிரம்மதேசம் போகிற வழியில் சவுக்குத் தோப்புக்கு நடுவே ஒரு பணக்காரர் மதில் கட்டிக் குதிரை வைத்திருந்தார். அவர் இறந்ததும் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து இருந்த குதிரைகளை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு சினைக் குதிரை மட்டும் விலை போகாமல் அங்கேயே நின்று, குட்டி போட்டு, கொஞ்ச காலத்தில் செத்தும் போனதாம். குட்டி தனியாக அந்த மதிலுக்குள்ளேயே வளர்ந்தது. காவலுக்கு இருந்தவர் மதிலுக்கு மேலிருந்து வைக்கோலை வீசுவாராம், குழாயைத் திறந்து தொட்டியில் தண்ணீர் விடுவாராம், உள்ளே போகவே மாட்டாராம். அப்படி ஒரு மனுஷக் கையும் படாமல் அது முழுக் குதிரையாகிவிட்டது. நிலத்தை மனை போட வாங்கியவர்கள் ஜேசிபியைக் கொண்டுபோய் மதிலை இடித்தபோதுதான் உள்ளே இப்படி ஒன்று இருப்பது தெரிந்ததாம். பத்துப் பதினைந்து ஆம்பிளைகள் கயிறு போட்டுத் துரத்தி, அது எகிறிக் குதித்து, பிடிக்க முடியாமல் நான் வேலை செய்கிற பிராணிகள் காப்பகத்துக்கு ஆள் அனுப்பினார்கள். மயக்க ஊசித் துப்பாக்கியால் சுட்டபோது அது அந்த மயக்கத்திலேயே ஓடி முள்கம்பியில் விழுந்து மாரைக் கிழித்துக்கொண்டது. அப்படித்தான் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

நான் அங்கே நாய்க் கூண்டு கழுவுகிற வேலைக்குப் போனவள் என்று உனக்குத் தெரியும். குதிரை என்றால் கல்யாண ஊர்வலத்தில் பார்த்ததோடு சரி. மாரில் காயம், குளம்புகள் நாலும் வெட்டாமல் வளர்ந்து செருப்பு மாதிரி வளைந்து பிளந்திருந்தன, நடந்தால் நொண்டும். மருந்து போடலாம் என்றால் ஆளைக் கண்டதும் பட்டியின் கடைசிக் கம்பிவரை ஓடி, பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். ஆம்பிளைகள் வாசம் பட்டாலே உடம்பு முழுக்க நடுங்கும். காப்பகத்து டாக்டர் கலைப்பிரியா இருக்கிறாளே, விழுப்புரத்துப் பெண், உன் வயசுதான் இருக்கும், அவள்தான் ஒரு நாள் என்னிடம் வந்து, “அக்கா, நீங்க கூண்டு கழுவறப்போ நாயிங்க கூட கொரைக்கிறது இல்ல. இதுகிட்ட கொஞ்சம் உக்காந்து பாக்கிறீங்களா” என்று கேட்டாள். எனக்குப் பயம். உதைத்தால் இடுப்பு போய்விடும் என்றேன். கிட்டே போக வேண்டாம், பட்டிக்குள் ஒரு ஓரமாக, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் போதும் என்றாள். அது என்ன வேலை என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. சும்மா உட்கார எனக்குக் கை வராது, அதனால் விதைக்கு உரிக்க வீட்டில் வைத்திருந்த மல்லாட்டைக் கடலையை முறத்தில் எடுத்துக்கொண்டு போய், அதற்கு முதுகைக் காட்டி உரித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அது என்னைப் பார்க்கவே இல்லை. அது அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். ஒரு நாள் மல்லாட்டை உடைகிற சத்தத்துக்கு அதன் காது என் பக்கம் திரும்பியதாம், டாக்டர் வெளியிலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். அதற்கப்புறம் எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. கிட்டே போகக் கற்றுக்கொடுத்தது அவள்தான். “கிட்ட போவறது பெரிசு இல்லக்கா, அது தலையைத் திருப்பி உங்கள பாத்துச்சின்னா உடனே நீங்க திரும்பி வந்துடணும், அப்பத்தான் இந்தம்மா நம்மள அமுக்க வரலன்னு அதுக்குப் புரியும்” என்பாள். நான் ஆசையில் ஒரு முறை அது பார்த்ததும் திரும்பாமல் இன்னும் ஓரடி வைத்துவிட்டேன், அன்றைக்குத்தான் தொடையில் உதை வாங்கினேன். மாடிப்படியில் விழுந்தேன் என்று உன்னிடம் சொன்னேனே, நம் வீட்டில் எந்த மாடி இருக்கிறது, நீயும் யோசிக்கவில்லை. அப்பா, “இந்த வேல உனக்கு வாணாம், நாயோட நிறுத்திக்க” என்று சத்தம் போட்டார். நான் கேட்கவில்லை. தொடை வீக்கம் வடிந்ததும் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டு போனேன். நான் ஏன் போனேன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. தாய் செத்த இடத்திலேயே தனியாக வளர்ந்த ஒன்று, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாதது, எல்லாரையும் பார்த்து இப்படி நடுங்குகிறதே என்று இருந்தது. அவ்வளவுதான்.

ஆபீஸில் மேனேஜர் திருமுருகன் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்திருந்தார். நான் செவலை என்றுதான் கூப்பிடுவேன், செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளைச் சுட்டி. மழைக்கு முன்னால் ஒரு சாயங்காலம், நான் உரித்துக்கொண்டே இருக்கும்போது தோளில் சூடாக மூச்சு பட்டது. திரும்பவில்லை. அசையவே இல்லை. அது என் தலைமுடியை மோந்து, சேலையை மோந்து, முறத்தில் இருந்த தோலை உதட்டால் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. நீ பிறந்தபோது உன்னைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தார்களே, அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது எனக்கு. அதற்கப்புறம் மெள்ள மெள்ள, முதலில் மூங்கில் குச்சி நுனியில் துணி கட்டி அதன் தோளில் தடவி, பிறகு குச்சியைக் குறுக்கிக் குறுக்கிக் கடைசியில் என் கை. பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தில் சொறிந்தால் அதற்கு மேலுதடு நீண்டு நீண்டு துடிக்கும், கண்ணை மூடிக்கொள்ளும். இத்தனை வருஷமாக அந்த இடத்தைச் சொறிந்துவிட ஒரு ஜீவன் அதற்கு இருந்ததில்லை.

பிறகு முகக்கயிறு. முகத்தைச் சுற்றி மாட்டுகிற கயிறு, அதை மாட்டினால்தான் பிடித்து நிறுத்த முடியும், குளம்பு வெட்ட முடியும். கயிற்றைக் கண்டதும் செவலைக்கு அந்தப் பழைய நடுக்கம் வந்துவிட்டது. நான் கயிற்றை என் தோளில் போட்டுக்கொண்டு, கழுத்தில் சுற்றிக்கொண்டு, அதிலேயே மல்லாட்டையை முடிந்து வைத்து, எப்படியெல்லாமோ பழக்கினேன். கடைசியில் அதுவாகவே மூக்கை வளையத்துக்குள் விட்டது. நீ ஸ்டேட்டஸில் போட்ட போட்டோ அன்றைக்கு எடுத்ததுதான். குளம்பு வெட்டுகிறவர் வந்தபோது நான் முகக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒரு ஆம்பிளை தன் காலைத் தூக்கி வெட்டும்போதும் அது என் நெஞ்சில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. நொண்டல் நின்றது. பட்டிக்குள் ஒரு சுற்று ஓடிக் காட்டியது. திருமுருகன் சார்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் சந்தோஷமாக எழுதியிருப்பேன் ரோஜா. பக்கத்து மாவட்டத்தில் கல்யாணத்துக்கு ஓட்டுகிற குதிரை ஒன்று சீக்கு வந்து செத்துப்போக, சுற்றுவட்டத்தில் இருக்கிற எல்லாக் குதிரைக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் செவலைக்கும் எடுத்தார்கள். நான்தான் பிடித்துக்கொண்டேன். டாக்டர் கழுத்தில் ஊசி போட்டு ரத்தம் இழுத்தாள், அது காதைக்கூட ஆட்டவில்லை. எவ்வளவு சமத்து என்று அன்றைக்கு அதற்கு ஒரு பிடி வெல்லம் கொடுத்தேன். வடக்கே எங்கேயோ இருக்கிற லேபுக்கு அனுப்பினார்கள். பிறகு இரண்டாவது முறையும் எடுக்க வேண்டும் என்றார்கள், அப்போதே டாக்டர் முகம் சரியில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று நான் கேட்கவில்லை.

கிளாண்டர்ஸ் என்று பேராம். நீ நர்ஸ், உனக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாவிட்டால் போனில் தேடிப் பார்க்காதே, அதில் பயங்கரமாகப் போட்டிருக்கிறது. குதிரைக்கு வந்தால் வெளியே தெரியாமலேயே ரொம்ப நாள் உள்ளே இருக்குமாம். மற்ற குதிரைக்குத் தொற்றும், மனுஷருக்கும் தொற்றும். வந்த குதிரையை வைத்திருக்கக் கூடாது, மருந்து கொடுத்துப் பார்க்கவும் கூடாது, கொன்று ஆழப் புதைக்க வேண்டும் என்று சட்டம். அந்தத் தோப்பில் முன்னே இருந்த ஏதோ குதிரையிடமிருந்து, ஒருவேளை தாயிடமிருந்தே, வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாள். ஆபீஸ் வாசலில் நின்று சொன்னாள், உள்ளே உட்காரச் சொல்லவில்லை, இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். “அக்கா, அதோட மூக்குல தண்ணி வந்துச்சே, அத நீங்க எதால தொடச்சீங்க” என்று கேட்டாள். கொஞ்ச நாளாக ஒரு பக்க மூக்கில் லேசாக வடிந்தது, சளி என்று நினைத்தேன். சேலைத் தலைப்பால்தான் துடைத்தேன் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தத் தலைப்போடு நான் வீட்டுக்குப் போயிருக்கிறேன், அப்பாவுக்குச் சோறு போட்டிருக்கிறேன், அவர் இருமும்போது நெஞ்சைத் தடவி விட்டிருக்கிறேன்.

அன்றைக்கே எனக்கும் டாக்டருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை வீட்டுக்குப் போக மாட்டேன் என்று நானே சொல்லிவிட்டேன், யாரும் வற்புறுத்தவில்லை. குவாரித் தூசி தின்ற அந்த நெஞ்சுக்குள் இந்தச் சீக்கும் போனால் மனுஷன் ஒரு வாரம் தாங்க மாட்டார். காப்பகத்தில் தீவன மூட்டை வைக்கிற ஷெட்டில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு இருந்தேன். அப்பாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள், அதிலும் ஒன்றும் இல்லை, பயப்படாதே. நம் வாசலில் மருந்து அடித்தது அப்போதுதான், அதைத்தான் யாரோ படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஊரில் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. பால்காரர் நம் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டுத் தையல்நாயகி, உன்னைத் தூக்கி வளர்த்தவள், அப்பா குழாயடிக்குக் குடத்தோடு வந்தபோது, “அண்ணே, தப்பா நெனச்சிக்காத, புள்ளைங்க இருக்குது, நாங்க புடிச்சிக்கினு போனப்புறம் நீ புடிச்சிக்க” என்றாளாம். அவளைக் குறை சொல்ல மாட்டேன், நானே அவள் இடத்தில் இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் அன்றைக்கு மத்தியானம் அவளே சோற்றையும் குழம்பையும் தூக்குவாளியில் போட்டு நம் வேலிப் பக்கம் வைத்துவிட்டுப் போனாள், தினமும் வைத்தாள், அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஷெட்டிலிருந்து பார்த்தால் செவலையின் பட்டி தெரியும். என்னை அங்கே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தீவனத்தை முகமூடி போட்ட ஆள் கொண்டுபோய்த் தூரமாக வைத்துவிட்டு வருவார். அது தின்னாமல் கம்பி ஓரம் வந்து நின்று என் ஷெட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். நான் தெரிந்தால் அது கனைக்கும், அந்தச் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை. ஒரு மனுஷரும் வேண்டாம் என்று இருந்ததை வேண்டும் என்று ஆக்கிவைத்தது நான்தானே.

உத்தரவு வந்த அன்று காலை அதிகாரிகள் வந்தார்கள். பட்டிக்குப் பின்னால் ஜேசிபி குழி தோண்டியது, சுண்ணாம்பு மூட்டைகளை இறக்கினார்கள். தூரத்திலிருந்தே மயக்க ஊசித் துப்பாக்கியால் சுட்டு, விழுந்ததும் கடைசி ஊசி போடுவது என்று பேச்சு. டாக்டர் அதிகாரியிடம் போய், “சார், போன தடவ அப்படித்தான் சுட்டு அது கம்பியில வுழுந்து மாரைக் கிழிச்சிக்கிச்சு, இப்பவும் ஓடும், ரத்தம் சிந்தினா நமக்குத்தான் இன்னும் ஆபத்து” என்றாள். அவரும் கெட்டவர் இல்லை, என்ன செய்யச் சொல்கிறீர்கள், கிட்டே யார் போவது என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அவள் என்னைக் கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நானே எழுந்து போய், “நான் புடிக்கிறேன் சார், எங்கிட்ட நிக்கும்” என்றேன். என் ரிசல்ட் அப்போது வந்திருக்கவில்லை. பட்டிக்குள் போவதற்கு முன்னால் அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்துவிட்டு, “உன் கையால வாணாம் அம்சா, ஆயுசுக்கும் அத நெனச்சிக்கினே இருப்ப” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அது ஓடி ஓடிக் கம்பியில் மோதுவதை ஷெட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் அதையும்தான் ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பேன்.

தலையிலிருந்து கால்வரை மூடுகிற அந்த வெள்ளை உடுப்பை எனக்கும் மாட்டினார்கள், கையுறை, முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி. நீ கொரோனாவில் போட்டுக்கொண்டு போட்டோ அனுப்பினாயே, அதேதான். பட்டிக்குள் போனேன். செவலை என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்கி, மூக்கை விரித்து, கடைசிக் கம்பிவரை ஓடி, பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. வந்த முதல் நாள் நின்ற மாதிரியே. அதற்கு நான் யார் என்று தெரியவில்லை ரோஜா. செவலை, நான்தான் என்று கூப்பிட்டேன், முகமூடிக்குள் என் சத்தம் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. வெளியே துப்பாக்கிக்காரர் தயாராக நின்றார். ஒரு நொடி, இப்படியே இருக்கட்டும், அது என்னை அடையாளம் தெரியாமலே போகட்டும், எனக்கும் பாவம் இல்லை என்றுகூடத் தோன்றியது. ஆனால் அதன் உடம்பு நடுங்குவது தெரிந்தது. நான் திரும்பி அதற்கு முதுகைக் காட்டி மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி ஏதோ சொன்னார், டாக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, உடுப்புக்குள் வேர்வை ஆறாக ஓடியது. பின்னால் குளம்புச் சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. பிறகு தோளில் மூக்கு பட்டது. ரப்பர் வாசத்துக்குள் எங்கேயோ என் வாசம் இருந்திருக்கிறது.

மெள்ள எழுந்து முகக்கயிற்றை மாட்டினேன். மூக்கை அதுவே நீட்டியது. பிடரிக்குக் கீழே கையுறைக் கையால் சொறிந்தேன், உதடு நீண்டு துடித்தது. டாக்டர் முதல் ஊசியைப் போட்டபோது அது என் நெஞ்சில் நெற்றியை வைத்திருந்தது. நான் அதன் காதோரம், “ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்லடி கண்ணு, ஒன்னும் இல்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தலை கனமாகி, என் மேல் சாய்ந்து, முன்னங்கால் மடங்கி, நானும் அதோடு மண்ணில் உட்கார்ந்தேன். இரண்டாவது ஊசியை டாக்டர் போட்டாள், அவள் கண்ணாடிக்குள் நீர் கட்டிப் பார்வை மறைத்ததால் நரம்பைத் தேடித் தேடித்தான் போட்டாள். செவலை கொஞ்சமும் உதறவில்லை. கண் திறந்தேதான் இருந்தது. அதை மூடிவிட என்னை விடவில்லை, எழுந்து வரச் சொல்லிவிட்டார்கள். கயிறு, முறம், அதற்கு விரித்த வைக்கோல், நான் உடுத்தியிருந்த சேலை எல்லாவற்றையும் எரித்தார்கள். குழியில் சுண்ணாம்பைக் கொட்டும்போது நான் குழாயடியில் மருந்துத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

பிறகு எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். எல்லாருக்கும் திக்கென்று ஆகி மறுபடி ரத்தம் எடுத்தார்கள், அதிலும் ஒன்றும் இல்லை, காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல்தான். வீட்டுக்கு வந்த அன்று அப்பா வெளியே கட்டிலில் உட்கார்ந்திருந்தார், நான் தூரமாகவே நின்றேன். “ரிசல்டுதான் வந்துடுச்சே, கிட்ட வா” என்றார். போனேன். அவர் என் கையைப் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், மருந்துத் தண்ணீரில் தோலெல்லாம் உரிந்திருந்தது. “நீ புடிக்கலனா பயந்துகினே செத்திருக்கும். நீ புடிச்ச, பயப்படாம செத்துச்சு. அதுக்கு மேல அதுல ஒன்னும் தேடாத” என்று சொன்னார். அவர் நியாயமாகத்தான் சொன்னார். பகலெல்லாம் அதையேதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நாய்க் கூண்டு வேலைக்குத் திங்கட்கிழமையிலிருந்து போகிறேன், வீட்டில் இருந்தால் இன்னும் கெடுதல். டாக்டர் நேற்று வந்திருந்தாள், இரும்பை கிராமத்துப் பக்கம் கைவிட்ட மட்டக் குதிரை ஒன்று திரிகிறதாம், வேறு குதிரை கொண்டுவரக் கூடாது என்று போட்ட தடை நீங்கியதும் கொண்டு வருவார்களாம், அதுவும் யாரையும் கிட்டே சேர்ப்பதில்லையாம். என்னைப் பார்க்கச் சொல்லவில்லை, சும்மா செய்தியாகத்தான் சொன்னாள். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் சரி அக்கா என்று டீயைக் குடித்துவிட்டுப் போனாள். கோபித்துக்கொண்டு சொல்லவில்லை, அவளும் மெலிந்து போய்த்தான் இருக்கிறாள். இனிமேல் ஒன்றை என் பக்கம் வரவழைக்க எனக்குத் தைரியம் இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், இதற்குத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். அப்பாவிடம் கேட்க முடியாது, மாதா கோயில் சாமியாரிடம் கேட்டேன், ஜெபம் பண்ணச் சொன்னார். நீ ஐசியுவில் வேலை பார்க்கிறாய். இனிப் பிழைக்க மாட்டார் என்று உங்களுக்கெல்லாம் தெரிந்த ஒருத்தர் உன் கையைப் பிடித்துக்கொண்டு உன் முகத்தைப் பார்க்கும்போது நீ என்ன சொல்வாய். நான் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சொன்னேன், அது அதை நம்பியது. நீயும் அப்படித்தான் சொல்வாயா, இல்லை வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா. இருந்தால் எனக்கு எழுது. போனில் சொல்லாதே, எழுது.

ஊறுகாய் பாட்டிலை ஈரக் கரண்டி போடாமல் வைத்துக்கொள். வாரத்தில் ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை. தம்பிக்குப் போன் பண்ணி மருமகளை விசாரி, அவள் பாவம், பயந்து போயிருக்கிறாள். மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன், அப்பாவும் போடச் சொன்னார்.

உன் அம்மா,
ரா. அம்சவள்ளி